பத்துக்குப் பன்னிரண்டு அறையும் பத்து சென்டிமீட்டர் பைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு ஹாலில் சினிமா பார்ப்பது பற்றித் தங்கள் வார இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. பேஸுக்கென்றே, அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே வைக்கும் சப் ஊஃபர் ஸ்பீக்கரின் பெட்டி பெரிதானால் பேஸ் கூடும், பெட்டியில் காற்று போய்வரும் பைப் வைத்தால் இன்னும் கூடும் என்று அதில் ஒரு வரி. பாதி சரி. மீதிப் பாதியை நம்பித்தான் பலர் பிளைவுட்டுக்கும் ஆசாரி கூலிக்கும் காசைக் கொட்டிவிட்டு, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "டொம் டொம்" கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டியின் லிட்டர், பைப்பின் நீளம், அறையின் அளவு மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே மரத்தில் ரம்பம் வைக்க வேண்டும்.

ஆழமான பேஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. எவ்வளவு வேலை என்பதைக் கணக்கு சொல்லும். தரையில் வைத்த மூடிய பெட்டியிலிருந்து, அறையின் உதவி எதுவும் இல்லாமல், 1 மீட்டர் தூரத்தில் 25 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 25 அதிர்வு) 100 டெசிபல் சத்தம் வர வேண்டுமென்றால், 10 அங்குல ஸ்பீக்கரின் கோன், அதாவது அசையும் கூம்பு, நடுநிலையிலிருந்து முன்னும் பின்னும் 18 மில்லிமீட்டர் ஓட வேண்டும். 12 அங்குலத்துக்கு 12 மில்லிமீட்டர், 15 அங்குலத்துக்கு 7 போதும். அதே 10 அங்குலம் 50 ஹெர்ட்ஸுக்கு நாலரை மில்லிமீட்டர் ஓடினாலே அதே சத்தம் வந்துவிடும். அதிர்வெண் பாதியானால் ஓட்டம் 4 மடங்காகிறது. கடைகளில் கிடைக்கும் சாதாரண 10 அங்குலத்தில் 6, 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் வாய்ஸ் காயில் (கோனை ஓட்டும் கம்பிச்சுருள்) காந்த இடைவெளியை விட்டு வெளியேறத் தொடங்கிவிடும். ஸ்டிக்கரில் ஆயிரம் வாட் என்று போட்டிருப்பதால் இது மாறாது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் உரத்த சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று ஹோஃப்மன் பெயரில் ஒலித்துறையில் ஒரு விதியே உண்டு. எந்தப் பெட்டி வடிவமும் இந்த விதிக்கு உட்பட்டதுதான்.

மூடிய பெட்டி, அதாவது சீல்டு பாக்ஸ், எளிமையானது. 1954-ல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏ.ஆர்-1 ஸ்பீக்கரில், பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்தது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். கணக்குப் போட ஸ்பீக்கரின் 3 எண்கள் தேவை: தன் அதிர்வெண் எஃப்.எஸ்., அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும் கியூ.டி.எஸ்., கோனின் ஸ்பிரிங் தன்மைக்கு ஈடான காற்றின் கொள்ளளவு வி.ஏ.எஸ். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-ல் தொடங்கிவைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்தெழுதிய முறை இது. இந்த எண்கள் அச்சிட்ட தாள் இல்லாத ஸ்பீக்கரை வாங்காதீர்கள். அது இல்லாமல் செய்யும் பெட்டி குருட்டுப் பெட்டி.

எடுத்துக்காட்டாக எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 60 லிட்டர் உள்ள ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொள்வோம். வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 40 லிட்டர் பெட்டியில் அது 1.58. இதால் 28-ஐயும் 0.45-ஐயும் பெருக்கினால் பெட்டிக்குள் போன பிறகு ஸ்பீக்கரின் அதிர்வெண் 44 ஹெர்ட்ஸ், கியூ 0.71. மேடு பள்ளமில்லாமல் சமமாக ஒலித்து, 44-க்குக் கீழே மெதுவாக இறங்கும் அளவு இது. இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று 20 லிட்டரில் அடைத்தால் அதிர்வெண் 56, கியூ 0.9. பேஸ் கூடியதுபோல ஒரு சின்ன மேடு தெரியும், ஆழம் போய்விடும். 60 லிட்டர் கொடுத்தாலும் 40-க்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும், அவ்வளவே.

மூடிய பெட்டி கீழே போகப் போக அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபல் இழக்கும். பைப் வைத்த பெட்டி தன் டியூனிங்குக்கு, அதாவது பைப் எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கும்படி வெட்டப்பட்டதோ அதற்கு, கீழே 24 டெசிபல் இழக்கும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது.

பைப்பில் இருக்கும் காற்று ஒரு எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வரும் சத்தத்துக்குக் காரணமும் இதுவே. டியூனிங் அதிர்வெண்ணில் பைப் பேசும், கோன் ஏறத்தாழ நின்றுவிடும். மேலே சொன்ன ஸ்பீக்கரையே 60 லிட்டரில் வைத்து 25 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தால் 27 ஹெர்ட்ஸில்தான் 3 டெசிபல் குறைகிறது. அதே 27-ல் 40 லிட்டர் மூடிய பெட்டி 9 டெசிபல் குறைந்திருக்கும். அந்த 6 டெசிபல் லாபம் ஆம்ப்ளிஃபையரில் 4 மடங்கு வாட்டுக்குச் சமம். 20 ஹெர்ட்ஸிலும் பைப் பெட்டியே 5 டெசிபல் முன்னால் நிற்கிறது. 15-ல் இரண்டும் ஒன்றாகிவிடும், அதற்கும் கீழே மூடிய பெட்டி முந்திவிடும்.

இவ்வளவு நல்ல பெட்டியின் பேர் எங்கே கெடுகிறது என்றால், பைப்பை வெட்டும் இடத்தில். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பவை பெரும்பாலும் 40 லிட்டர் பெட்டி, 75 மில்லிமீட்டர் பிவிசி பைப் (உள்விட்டம் சுமார் 7 சென்டிமீட்டர்), நீளம் 10 சென்டிமீட்டர். இதன் டியூனிங் 44 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே பாதாளம். நீளத்துக்கான கணக்கு இது: பைப்பின் உள்விட்டத்தை சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 23,562-ஆல் பெருக்குங்கள். டியூனிங் ஹெர்ட்ஸின் வர்க்கத்தையும் பெட்டியின் நிகர லிட்டரையும் பெருக்கி, வரும் தொகையால் முதல் தொகையை வகுங்கள். கிடைத்ததிலிருந்து உள்விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் பைப்பின் நீளம் சென்டிமீட்டரில் வரும். 110 மில்லிமீட்டர் டிரெய்னேஜ் பைப்பின் உள்விட்டம் சுமார் 10.4 சென்டிமீட்டர். 60 லிட்டரை 25 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய அந்தப் பைப் 60 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 30 ஹெர்ட்ஸுக்கு 40 சென்டிமீட்டர், 35-க்கு 27.

60 சென்டிமீட்டர் பைப்பா என்று ஆசாரி தலையைச் சொறிவார். 75 மில்லிமீட்டர் பைப் போட்டால் 26 சென்டிமீட்டரில் வேலை முடிந்துவிடுமே என்பார். அளவு சரிதான், ஆனால் காற்று ஒத்துக்கொள்ளாது. முன்பு சொன்ன 100 டெசிபலுக்கு 110 பைப்பில் காற்று நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் ஓடும். 75 பைப்பில் அது 24 மீட்டர். 17 மீட்டரைத் தாண்டினாலே பைப் வாயில் "புஸ் புஸ்" என்று காற்று உறுமும். சரி, 110 பைப் இரண்டு வைக்கலாமா என்றால் ஒவ்வொன்றும் 128 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆகவே ஒரே 110 பைப், 90 பாகை வளைவு ஒன்று போட்டுப் பெட்டிக்குள் மடக்கி வைப்பதுதான் வழி. வளைவில் நீளத்தை நடுக்கோட்டில் அளக்க வேண்டும். உள்முனைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே குறைந்தது ஒரு பைப் விட்டம் இடைவெளி வேண்டும். இரண்டு முனைகளின் விளிம்பையும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். முதலில் 4, 5 சென்டிமீட்டர் கூடுதலாகவே வெட்டி, கேட்டுப் பார்த்து ஒவ்வொரு சென்டிமீட்டராகக் குறையுங்கள்.

பைப்பே கிட்டத்தட்ட 6 லிட்டரை விழுங்கும். ஸ்பீக்கரின் பின்பக்கம் 2, பெட்டிச் சுவர்களை உள்ளே இறுக்கிப் பிடிக்கும் உள்தாங்கி 2. ஆக, நிகரம் 60 வேண்டுமென்றால் உள்ளளவு 70 லிட்டர் வர வேண்டும். 40 × 40 × 44 சென்டிமீட்டர் சரியாக இருக்கும். இதைக் கழிக்க மறந்து 60 லிட்டருக்கே பெட்டி செய்தால் டியூனிங் மேலே ஏறிவிடும். செய்து முடித்த பிறகு "பேஸ் இறங்கவில்லையே" என்று ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு ஆபத்து பலருக்கும் தெரிவதில்லை. டியூனிங்குக்குக் கீழே பைப் வெறும் ஓட்டை. கோனுக்குப் பின்னால் ஸ்பிரிங்கே இல்லாததுபோல் ஆகி, 18 ஹெர்ட்ஸில் வரும் ஒரு வெடிச்சத்தத்துக்குக் கோன் துள்ளித் தன் எல்லையில் போய் "டக்" என்று இடிக்கும். சில தடவை இடித்தால் வாய்ஸ் காயில் நசுங்கும். எனவே பைப் பெட்டிக்கு 20 ஹெர்ட்ஸ் அளவில் கீழொலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் கட்டாயம். ஆம்ப்ளியில் அந்த வசதி இல்லையென்றால் மூடிய பெட்டிக்கே போய்விடுங்கள்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பீக்கர் கண்ணுக்கே தெரியாமல் உள்ளே இருந்து பைப் மட்டும் வெளியே தெரியும் பேண்ட்பாஸ் பெட்டி ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையில் மட்டும் உரத்து ஒலிக்கும். செட்டாக விற்கும் மலிவு ஹோம் தியேட்டர்கள் சிலவற்றில் இருப்பது இதுவே, பாட்டுக்கு ஆகாது. பைப்புக்குப் பதில் காந்தமில்லாத வெறும் கோனை வைக்கும் பேஸிவ் ரேடியேட்டர் நல்ல வழி. சின்னப் பெட்டியிலும் தாழ்ந்த டியூனிங் வரும், காற்று உறுமாது. ஆனால் அந்தக் கோன் ஸ்பீக்கரைப்போல் குறைந்தது 2 மடங்கு காற்றைத் தள்ளக்கூடியதாக இருக்க வேண்டும், விலையும் அதற்குத் தக்கபடி ஏறும். கோனின் பின்னொலியை ஒரு நீண்ட பாதை வழியே வெளியே விடும் டிரான்ஸ்மிஷன் லைனில் 25 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 3.4 மீட்டர். 12 அங்குல கோனின் பரப்புக்கு அந்தப் பாதையை மடித்து மடித்துச் செய்தாலும் 170 லிட்டர் பீரோ ஒன்று ஹாலில் நிற்கும். ஆடித் திருவிழாவுக்குத் தெருவில் அடுக்கும் பெரிய பாக்ஸ்களைப் பார்த்து அதே மாதிரி வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அவை திறந்தவெளியில் தூரத்துக்குச் சத்தம் எறியச் செய்தவை. நெஞ்சில் இடிப்பது 50, 60 ஹெர்ட்ஸ். 25 ஹெர்ட்ஸ் அவற்றின் வேலை அல்ல.

இனி அறை. சேலத்தில் அஸ்தம்பட்டியானாலும் சூரமங்கலமானாலும் வழக்கமான அறை 10-க்கு 12 அடி, உயரம் 10 அடி, செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். 12 அடிக்கு நிலை அலை, அதாவது எதிரெதிர் சுவர்களில் மோதித் திரும்பி அங்கேயே பெருகும் ஒலி, 47 ஹெர்ட்ஸில் எழும். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56 இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வரும். அப்படிப்பட்ட அறையில் 44 ஹெர்ட்ஸ் கடைப் பெட்டியை மூலையில் வைத்தால் 44, 47, 56 மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அந்த "டொம் டொம்" இங்கே பிறக்கிறது. சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டு ஜதி போடுவதும் இதனால்தான்.

ஆனால் இதே அறை 47-க்குக் கீழே உதவியும் செய்யும். கதவு, ஜன்னல் அடைத்திருந்தால் அறை முழுவதும் ஒரே அழுத்தப் பாத்திரமாகி, கீழே போகப் போக ஒலியைத் தூக்கிக்கொடுக்கும். கணக்குப்படி ஒவ்வொரு பாதிக்கும் 12 டெசிபல் வரை தூக்கலாம். நம் கதவிடுக்கு, ஜன்னலிடுக்குகளோடு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. மூடிய பெட்டியின் 12 டெசிபல் இறக்கமும் அறையின் இந்த ஏற்றமும் எதிரெதிராகப் பொருந்திக்கொள்கின்றன. அதனால் 10-க்கு 12 கான்கிரீட் அறைக்கு எங்கள் பரிந்துரை 12 அங்குல ஸ்பீக்கரும் மூடிய பெட்டியும்தான். சித்திரை வெயிலில் ஜன்னலைத் திறந்து போட்டால் இந்த உதவி வெளியே ஓடிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு நிலையிலும் கேட்டுப் பார்த்துத்தான் சத்தத்தின் அளவை நிறுத்த வேண்டும். இன்னும் ஆழம் வேண்டி மின்னணு முறையில் 20 ஹெர்ட்ஸை 6 டெசிபல் தூக்கினால் அந்த இடத்தில் 4 மடங்கு வாட்டும் 2 மடங்கு கோன் ஓட்டமும் செலவாகும். ஸ்பீக்கர் தாங்குமா என்று பார்த்தே தூக்குங்கள்.

ஏற்காட்டுக் கதை வேறு. பழைய எஸ்டேட் பங்களாக்களில் ஹால் பெரிது, கூரை ஓடு, உள்ளே மரப்பலகை. சுவரும் கூரையும் பேஸைப் பிடித்து வைக்காது, அறையின் ஏற்றம் கொஞ்சமே கிடைக்கும். அங்கே 25 ஹெர்ட்ஸ் டியூனிங்கில் நீளப் பைப் பெட்டி தன் விலைக்கு வேலை செய்யும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால் பெட்டி மாறுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வி.ஏ.எஸ். 60 என்பது 52 ஆகும், 40 லிட்டர் மூடிய பெட்டியின் கியூ 0.71-லிருந்து 0.68 ஆகும். காதுக்குத் தெரியாது. பைப் டியூனிங்குக்கு அழுத்தம் பொருட்டே இல்லை. வெப்பநிலையால் அரை ஹெர்ட்ஸ் சொச்சம் நகரும், அவ்வளவுதான். மலைக்கென்று தனி பெட்டி என யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அங்கே உண்மையான எதிரி பனிமூட்டம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஈரம் குடித்து ஓரத்தில் உப்பி, பசை விட்டுப்போகும். ஈரம் தாங்கும் 710 கிரேடு பிளைவுட், உள்ளும் புறமும் 2 கோட் வார்னிஷ், பேப்பர் கோனுக்குப் பதில் பாலிபுரொப்பிலீன் கோன். இவை மூன்றும் மலைக்குத் தேவை.

மூடிய பெட்டி செய்ய 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 4-க்கு 4 அடி, அதாவது பாதி ஷீட் போதும். உள்ளளவு 36 சென்டிமீட்டர் கனசதுரம், 46 லிட்டர் சொச்சம். ஸ்பீக்கரும் தாங்கியும் போக 42 மிஞ்சும். முன்பலகை 2 அடுக்கு, பின்பலகை 1, மூன்றும் 39.6-க்கு 39.6. மேலும் கீழும் 39.6-க்கு 36. பக்கங்கள் 36-க்கு 36. நடுவே தாங்கி ஒன்று, அதில் பெரிய ஓட்டைகள். கனசதுரம் கூடாது என்று சொல்லக்கூடும். அது எல்லா அதிர்வெண்ணையும் ஒலிக்கும் முழு ஸ்பீக்கருக்குச் சரி. 36 சென்டிமீட்டரில் உள் எதிரொலி 470 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வரும், 80 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடும் சப் ஊஃபருக்கு அதனால் பாதகமில்லை.

மூட்டுகளில் மரப்பசை, 10 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ, உள்ளே எல்லா மூலையிலும் சிலிக்கான். அதன் புளித்த வாடை முழுக்க அடங்கும்வரை, 2 நாளாவது, ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். ஸ்பீக்கர் விளிம்புக்கும் டெர்மினல் தட்டுக்கும் ஃபோம் டேப். உள்ளே 400 கிராம் பாலியஸ்டர் பஞ்சு, கையால் பிரித்து உதிர்த்து நிரப்புங்கள். இலவம்பஞ்சு வேண்டாம், நாளடைவில் அடியில் படிந்துவிடும். பைப் பெட்டியில் நிரப்பவே கூடாது. சுவரில் ஒரு அங்குலம் ஒட்டினால் போதும், பைப்பின் உள்வாயை மறைக்கக் கூடாது.

கசிவு பார்க்க, சின்ன சத்தத்தில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு மூட்டோரம் ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை துடிக்கும் இடத்தில் ஓட்டை. பைப் பெட்டியின் டியூனிங்கை அறிய, மொபைல் செயலியிலிருந்து 15 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே கோனைப் பாருங்கள். எங்கே ஏறத்தாழ நின்றுவிடுகிறதோ அதுதான் டியூனிங். 27-ல் நின்றால் பைப் குட்டை, 23-ல் நின்றால் இன்னும் வெட்டலாம். கோனின் திசை சரியா என்று ஒன்றரை வோல்ட் பேட்டரியால் ஒரு தொடுதலில் பார்த்துவிடலாம். ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் வைத்தால் கோன் வெளியே வர வேண்டும். பெட்டி தயாரானதும் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால் அது பெட்டியின் குற்றமல்ல. டிவியும் ஆம்ப்ளியும் வெவ்வேறு பிளக்கில் இருந்து எர்த் வளையம் (எர்த் கம்பி இரு வழியாகச் சுற்றி இணைவது) உண்டாகியிருக்கும். இரண்டையும் ஒரே பலகைக்கு மாற்றிப் பாருங்கள்.

வைக்கும் இடத்துக்கு நல்ல வழி, சப்பைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் சோபாவில் வைத்துவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்பது. எந்த இடத்தில் பேஸ் சமமாக ஒலிக்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். பார்ப்பவர் சிரிப்பார்கள், ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து மாற்றும் ஆம்ப்ளியைவிட இது அதிகம் தரும். ஒரு பெரிய சப்புக்குப் பதில் இரண்டு சிறியவை, எதிரெதிர் சுவர்களின் நடுப்புள்ளியில் வைத்தால் அந்தத் திசையின் முதல் நிலை அலையை அவையே அடக்கிவிடும்.

குகை, அம்மாபேட்டை போல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் ஒன்று சொல்ல வேண்டும். 25 ஹெர்ட்ஸை 9 அங்குலச் சுவர் பெரிதாகத் தடுக்காது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று வைத்திருக்கும் வரம்பு ஏ-வெயிட்டிங் அளவில், அதாவது காதுக்குக் குறைவாகக் கேட்கும் ஒலியைக் குறைத்தே எண்ணும் முறையில். அந்த அளவுமுறை 25 ஹெர்ட்ஸை 44 டெசிபலுக்கு மேல் குறைத்தே காட்டும். மீட்டரில் விதிக்கு உட்பட்டே இருந்துகொண்டு பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்ப முடியும். இரவு 10 மணிக்கு மேல் மீட்டரை நம்பாமல் சப்பை அணைத்துவிடுங்கள்.

தங்கள் இணைப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி, பைப் நீளக் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். பெட்டி செய்து விற்கும் கடைக்காரர்களும் ரசீதில் பெட்டியின் நிகர லிட்டரையும் டியூனிங் ஹெர்ட்ஸையும் எழுதித் தரட்டும். வாட் எழுதும் இடத்திலேயே எழுதலாம்.

இங்ஙனம்,
ஒலியமைப்பு ஆர்வலர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.